அண்ணன் சொல்லாத கூரை

செப்டம்பர் 3

நாளை மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து கெம்பஸ் பார்க்கப் போகிறோம். அண்ணன் முதல் வருடம் படிக்கும் அதே கெம்பஸ். சுற்றிக் காட்டுவீங்களா என்று ஃபோனில் கேட்டேன். "லெக்சர் இருக்கு தங்கச்சி, நீயே பாரு" என்று வழி மட்டும் சொன்னார். லைப்ரரி வாசலில் சிவப்புச் சிமெந்துத் தரை. மூன்றாவது படி மூளி. விஞ்ஞானக் கட்டடத்தைச் சுற்றிக் கருங்கல் பாதை, ஓரத்தில் தண்ணீர் ஓடும் பாசி பிடித்த கான். "வழுக்கும், பாத்து நட."

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். "நம்ம கிருஷாந்த் எப்படிக் கவனிச்சிருக்கான் பாரு!" தோட்டத்து லய வீடுகள் முழுக்க இனி இதே பேச்சுத்தான்.

செப்டம்பர் 5

எல்லாரும் தூங்கியாச்சு. போர்வைக்குள் டோர்ச்.

"மூணு மணிக்கு பஸ்ஸுக்கு வந்திரணும்" என்று ஷிப்னா டீச்சர் எங்களை விட்டார். அண்ணன் சொன்ன வழியில் தனியாக நடந்தேன். சிவப்புத் தரை இருந்தது. மூளிப் படி இருந்தது. ஒவ்வொன்றாகச் சரியாக வர, சந்தோஷமாக இருந்தது.

லைப்ரரிக்குள் நிமிர்ந்து பார்த்தேன். அம்மாடி! கூரை முழுக்க மரம், கவிழ்த்துப் போட்ட கப்பல் மாதிரி. உச்சிக் கண்ணாடியில் மலை தெரிகிறது. இதை அண்ணன் ஏன் சொல்லவில்லை? விஞ்ஞானக் கட்டடத்தின் தூண்கள் இரண்டு மாடி உயரம். அதையும் சொல்லவில்லை. அவர் சொன்னதெல்லாம் முழங்காலுக்குக் கீழே.

கட்டடத்தின் பின்பக்கம், கருங்கல் பாதையில் ஒரு வரிசை வந்தது. முதல் வருடப் பையன்கள், எல்லாருக்கும் வெள்ளைச் சட்டை. தாடை நெஞ்சில் படக் குனிந்து நடந்தார்கள். அதில் அண்ணன்!

"அண்ணே!" என்றேன். நிமிரப் பார்த்தார்.

"ஒளுவ பாத் கரபங்!" தலையைக் குனியடா என்று பின்னால் வந்த சீனியர் சிங்களத்தில் கத்தினான். கூட இருந்தவனுங்க சிரிச்சானுங்க. அண்ணன் குனிந்து, என் கால் சப்பாத்தை மட்டும் பார்த்தபடி தாண்டிப் போனார். அவர் வாங்கித் தந்த சப்பாத்து.

இரவு அண்ணனிடமிருந்து மெசேஜ் வந்தது: "ராகிங் நடக்குதுன்னு அப்பாகிட்ட சொல்லாத. படிப்ப நிப்பாட்டிருவாரு. அவனுங்களுக்குத் தெரிஞ்சா இன்னும் மோசம்."

செப்டம்பர் 6

"அண்ணன் எப்படி இருக்கான்?" என்றார் அப்பா. வெள்ளைச் சட்டை போட்டிருக்காரு என்றேன். வேறென்ன சொல்ல?

செப்டம்பர் 9

அண்ணன் ஃபோன் எடுக்கவில்லை.

செப்டம்பர் 10

இன்றும் இல்லை. சொன்னால் படிப்புப் போகும். சொல்லாமல் இருந்து அண்ணனுக்கு ஏதாவது — ஐயோ, எழுதவே பயமா இருக்கு.

செப்டம்பர் 11

சொல்லிட்டேன்.

ரப்பர் பால் வாளியைக் கீழே வைத்தார் அப்பா. கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார். "குனிஞ்சுக்கிட்டா போறான்? தொரைக்கு முன்னால நாங்க குனிஞ்சது பத்தாதா?"

"புள்ளைய கூட்டிக்கிட்டு வந்திருங்க" என்று அம்மா அழுதார்.

"கூட்டிக்கிட்டு வரப் போகல. முறைப்பாடு கொடுக்கப் போறேன். டீச்சருக்கு ஃபோன் போடு."

செப்டம்பர் 24

அப்பாவின் முறைப்பாட்டை கெம்பஸில் விசாரிக்கிறார்களாம். அண்ணன் ஹொஸ்டலை விட்டு ஸப்ரி என்ற கூட்டாளியோடு வெளியே அறை எடுத்திருக்கிறார். முறைப்பாடு கொடுத்ததால் கெம்பஸில் அந்த ஸப்ரியைத் தவிர யாரும் அவரோடு பேசுவதில்லை. அவர் என்னோடு பேசுவதில்லை.

அக்டோபர் 2

அண்ணன் அப்பாவின் ஃபோனுக்கு எடுத்து என்னைக் கேட்டார். சாப்பிட்டியா என்றார். படிக்கிறியா என்றார். பிறகு கேட்டார்:

"லைப்ரரிக் கூரையில, அந்தக் கண்ணாடி ஓரமா, ஒரு குருவிக் கூடு இருக்கு. பாத்தியா?"

நான் அதைப் பார்க்கவில்லை.