ஏரிக்கரையில் நீ அடித்த பக்கெட்

மாமு,

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வரி மேலே ஏறும், திடீரென்று கீழே சரியும். சிமெண்டுக் கலவை கிளறியே காய்த்துப்போன கை, பேனாவையும் மண்வெட்டிக் காம்பு மாதிரிதான் இறுக்கிப் பிடிக்கிறது. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், பார்த்தாயா! கைநாட்டு வைத்துப் பாஸ்போர்ட் வாங்கிய உன் தோஸ்து எழுதுகிறேன்!

இன்று காலை காசிமேட்டுப் பக்கம் போனேன். நெத்திலியைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டு ஏரிக்கரையில் நாம் வேனை விட்டு இறங்கியபோது வந்த அதே வாடை. அங்கேயும் பரண் கட்டி, விரல் நீள மீனைக் காயப்போட்டிருந்தார்கள். நீ மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாய், "இன்னா மாமு, இம்மாந்தூரம் ஏரோபிளேன்ல இட்டாந்து திரும்ப காசிமேட்லயே எறக்கிட்டானுங்க!"

அந்த ஊரில் ஒரு சிறிய ஆலயம் கட்டிக் கொடுக்க நம் சபை அனுப்பிய ஊழியப் பயணம் அது. பிரசங்கம் செய்ய மூப்பரும் அவரோடு வந்தவர்களும். சுவர் எழுப்பக் கொத்தனார் நீ. கலவை போட நான். "பிரதர், வார்த்தையை நாங்க சொல்லிக்கிறோம், நீங்க வேலையைப் பாருங்க" என்றார் மூப்பர். "சரிங்க ஐயா. செவுரு கோணலா போச்சுன்னா அப்ப எனக்கு பிரசங்கம் பண்ணுங்க" என்றாய் நீ.

சபைக்கு வருமுன் நீ சாவு வீடுகளில் மேளம் அடித்தவன். திருவொற்றியூரில் உன் அடிக்கு ஆடாத கால் கிடையாது. ஞானஸ்நானம் எடுத்த அன்று அதை விடச் சொன்னார்கள், விட்டுவிட்டாய். அதன் பிறகு உன் விரல்கள் ஆலயத்துப் பெஞ்சில் மட்டும் தட்டிக்கொண்டிருக்கும்.

சுவர் நெஞ்சளவு எழும்பியிருந்தபோது, நமக்குப் படகில் மணல் ஏற்றி வந்தவர் காய்ச்சலில் இறந்துபோனார். ஊரே அவர் வீட்டு வாசலில் கூடியது. பெண்கள் வட்டமாக நின்று பாடினார்கள். ஒருவர் மரத்தாலான கொட்டு ஒன்றை அடித்தார். அழுகை, பாட்டு, அடி எல்லாம் ஒன்றாகக் கலந்து எழுந்தது. அவருடைய மனைவி மட்டும் பாடவுமில்லை, அழவுமில்லை. மண்ணில் உட்கார்ந்து ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூப்பர் நம்மை ஓரமாக நிறுத்தி, "இது அஞ்ஞான வழக்கம். யாரும் கையைக் காலை ஆட்டாதீங்க. மனசுக்குள்ள ஜெபிங்க" என்றார்.

நீ ஜெபித்தாய். கண்ணை மூடித்தான் நின்றாய். ஆனால் உன் கால் உன்னைக் கேட்காமல் தாளம் போட்டது. பிறகு நேராகப் போய், வேலையிடத்தில் கிடந்த சிமெண்டுப் பக்கெட்டை எடுத்துவந்து கவிழ்த்தாய். உட்கார்ந்தாய். அவர்கள் அடிக்கு நடுவே உன் அடி நுழைந்தது. கொட்டு அடித்தவர் திரும்பிப் பார்த்து, சற்று நகர்ந்து உனக்கு இடம் விட்டார். அந்த அம்மா மெல்ல எழுந்தாள். உன் பக்கெட்டுக்கு எதிரே வந்து நின்று, ஓவென்று வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே ஆடினாள். முடிந்ததும் உன் தலைமேல் கை வைத்தாள்.

"இன்னாடா இப்டி பண்ட்டே, மூப்பர் மூஞ்சியப் பாத்தியா?" என்று கேட்டேன். நீ சொன்னாய்: "பாஷ தெரியாத ஊர்ல வாயால இன்னா ஆறுதல் சொல்றது மாமு? கைக்குத் தெரிஞ்சத சொன்னேன்."

ஊர் திரும்பியதும், சபைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். நீ முன்னே போய் நின்று, "தப்புன்னா கர்த்தராண்ட நானே சொல்லிக்கிறேன். மூப்பராண்ட சொல்றதுக்கு ஒன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டு, பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்தாய். அதற்குப் பிறகு எந்த ஊழியத்துக்கும் உன்னைக் கூப்பிடவில்லை. பின்பெஞ்சை மட்டும் உன்னிடமிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை.

"நான் போவசொல்ல பக்கெட்ட அடிச்சு அனுப்பு" என்று என்னிடம் சொல்லியிருந்தாய். போன வருஷம் நீ கர்த்தரிடம் போனபோது, பக்கெட் அடிக்க மூப்பரிடம் அனுமதி கேட்டேன். எல்லோர் முன்னாலும் அவர் கேட்டார், "வேதத்துல எங்க இருக்கு பிரதர்? எடுத்துக் காட்டுங்க பார்ப்போம்." எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். உன் பெட்டி சத்தமில்லாமல் குழிக்குள் இறங்கியது.

அந்த வாரமே எம்.கே.பி. நகரில் மகள் வீட்டருகே நடக்கும் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். டீச்சர் என் பேத்தி வயது. "தாத்தா, எதுக்குப் படிக்கணும்?" என்றாள். "ஒருத்தருக்கு ஒரு பக்கத்தக் காட்டணும்மா" என்றேன்.

கண்டுபிடித்துவிட்டேன் மாமு! எழுத்துக் கூட்டி நானே படித்தேன். கடைசிச் சங்கீதத்தில் தம்புரு இருக்கிறது, அதுவும் கையால் தட்டும் கொட்டுதானாம். நடனம் இருக்கிறது. ஓசையுள்ள தாளமும் இருக்கிறது. நாம் இத்தனை வருஷம் கைகட்டி உட்கார்ந்திருந்தோமே, அந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது! படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். டீச்சர் பயந்துவிட்டாள்.

நாளை உன் வருஷ நினைவு ஆராதனை. உன் வீட்டம்மா கேட்டபடி வேதம் வாசிப்பது நான். நேற்று உன் வீட்டு வாசலில் மூப்பர் என்னை மடக்கினார். "குறிச்சுக் கொடுத்த பகுதியை மட்டும் வாசிங்க பிரதர்." நான் சொன்னேன், "நீங்க காட்டச் சொன்னது வேற பக்கம் ஐயா. அதத்தான் வாசிப்பேன்." அவர் கண் என் கையில் இருந்த பக்கெட்டுக்குப் போனது. "இது எதுக்கு?" "வாசிச்சது காதுல வுழாதவங்களுக்கு" என்றேன். உள்ளே இருந்து உன் வீட்டம்மா குரல் கொடுத்தாள்: "நீ அடிண்ணே! அன்னிக்கு நான் வாயடைச்சு நின்னேன். நாளைக்கு எவன் தடுக்குறான்னு பாக்குறேன்."

பக்கெட்டில் ஒட்டியிருந்த பழைய சிமெண்டைச் சுரண்டிக் கழுவி வைத்திருக்கிறேன். நீ சொன்னதைத்தான் இத்தனை நாளும் சுமந்துகொண்டிருக்கிறேன்: கைக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். என் கைக்கு இப்போது இரண்டு தெரியும். நாளை முதலில் விரல் வரிமேல் ஊர்ந்து போகும், ஓர் எழுத்தையும் விடாது. வாசித்து முடித்ததும் இரண்டு கையும் உனக்கு.

சபை எழுந்து ஆடுமா, என்னைத் தூக்கி வெளியே வைக்குமா, தெரியாது. எதுவானாலும் அடுத்த வாரம் உனக்கு எழுதிவிடுவேன். வெளியே வைத்தால் பக்கெட்டும் என்னோடுதான் வரும். வாசலிலேயே அதைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து எழுதுவேன்.