கல்யாணத்தைப் பார்த்தவர்கள்

அன்பு அக்கா மகளுக்கு,

அமெரிக்க வரலாற்றின் சக்கரவர்த்தி, ஒஹாயோவின் ஆவணத் தூசிக்கெல்லாம் அதிபதி, உன் மாமன் எழுதுவது. உள்நாட்டுப் போரில் மாண்ட சிப்பாய்களின் மனைவிமார் ஓய்வூதியம் பெற, தங்கள் திருமணத்தைச் சாட்சி வைத்து நிரூபித்த வரலாற்றைத்தான் முப்பது ஆண்டுகள் ஆராய்ந்தேன். ஒரு கோடி சாட்சியமாவது படித்திருப்பேன்.

நேற்றுக் காலை உன் அத்தை லோர்னாவுக்கு அப்பத்தில் மேப்பிள் பாகு ஊற்றிக் கொடுத்தேன். "நல்ல மனுஷன் சார் நீங்க. வீட்டுல சம்சாரம் தேடமாட்டாங்களா?" என்றாள்.

"நீதாம்மா என் சம்சாரம்."

"அடேயப்பா! கல்யாணத்தை யாரு பார்த்தா?"

சான்றிதழைக் காட்டினேன். "யாரோ லோர்னாவாம்" என்று திருப்பித் தந்தாள்.

எங்கள் கல்யாணத்தன்று எங்களுக்கு முன்னால் பூத்தூவி நடந்த ஆறு வயதுக்காரி நீ. மற்றவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒருமுறை வந்து, பார்த்தேன் என்று சொல். அவள் நம்பமாட்டாள். நான் நம்புவதற்காகவாவது வா.

உன் மாமன்