மீனுவின் இடக் கை

ஞாயிறு, ஆகஸ்ட் 3
விடாத மழை. எங்கள் பேட்டை பெஹாலா முழுக்கத் தண்ணீர். துணி மூன்று நாளாகக் காயவில்லை.

மேல் வீட்டு லலிதா அக்காவின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு. மீனுவை அழைக்கப் போனேன். சுண்டலுக்கு இடக் கையை நீட்டினாளாம். ஆறு வயதுக் குழந்தை. எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் அந்தக் கையில் ஸ்கேலால் அடி.

"பீச்சாங்கைய நீட்டுறா பாரு. அம்மாக்காரி ஒண்ணும் சொல்லித் தரல போல."

வாசலில் நின்ற என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் சிரித்துவிட்டு வந்தேன். எதற்குச் சிரித்தேன்? வெட்கங்கெட்டவள்.

செவ்வாய், 5
மீனு வலக் கையால் சாப்பிடுகிறாள். பாதி சட்டையில். பென்சிலும் வலக் கையில். எழுத்தெல்லாம் கோணல் மாணல்.

இவர்: "வயசுல பெரியவங்க, விட்டுத் தொலை." விடுவதாக இல்லை.

வாங்க: கறிவேப்பிலை, தீப்பெட்டி, மீனுவுக்கு ரப்பர் இரண்டு.

வெள்ளி, 8
கீழ் வீட்டு வங்காளிச் சித்தி, காகிமா, சொல்லித் தெரிந்தது. லலிதா அக்கா நேற்றுத் தெருத் தண்ணீரில் குழி தெரியாமல் விழுந்து வலக் கை முறிவு. மாவுக்கட்டு. மகன் பெங்களூரில். வீட்டில் வேறு யாரும் இல்லை.

போய்ப் பார்த்தேன். ஐயோ என்றேன். மனசுக்குள் சர்க்கரைப் பொங்கல்.

"நேத்துலேருந்து வெறும் பால்தான். பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், அந்தக் கையால சோறு தின்ன மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை நானே வந்து ஊட்டி விடுறேன்க்கா." அதுவரை நன்றாகப் பசிக்கட்டும்.

சனி, 9
நான் வலக் கைக்காரி. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இடக் கையால் சோறு பிசைந்து பழகினேன். முதல் கவளம் மோவாயில், அடுத்தது மூக்கில். மீனுவும் தினம் இந்தப் பாடுதானே படுகிறாள் என்று நினைத்ததும் கோபம் இரட்டிப்பு. பத்தாவது கவளம் ஒழுங்காக வாய்க்குப் போனது. போதும்.

ஞாயிறு, 10
கொஞ்சம் வெயில். மீனுவையும் கூட்டிப் போனேன். அவள் பார்க்க வேண்டும்.

ரசம் சாதம். இடக் கையால் பிசைந்தேன், நிதானமாக. ல. அக்காவின் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை.

"ஏம்மா, அந்தக் கையாலயா..."

"நல்லாக் கழுவிட்டேன்க்கா. ஆ காட்டுங்க."

மூன்று நாள் பசி. வாய் திறந்தது. கண்ணில் தண்ணீர். எனக்குப் பாவமாகவே இல்லை. இன்னொரு கவளம். இன்னொன்று.

மீனு ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சீ, அம்மா! அது அசிங்கக் கை. ஆன்ட்டிக்கு நல்ல கையால குடு."