கடைசிப் படம் முதலில் மாட்டப்பட்டது

அனுப்புநர்:
ஏரிப் படக்காரர் என்று ஊர் அழைத்தவரின் மனைவி,
பம்பு அறைக்கு எதிர் வீடு, ஏரிக்கரைத் தெரு.

பெறுநர்:
கண்காட்சி அலுவலர் அவர்கள்,
நகராட்சி ஓவியக் கூடம்.

பொருள்: என் கணவர் வரைந்த பத்தொன்பது ஏரிப் படங்களின் வரிசையைச் சரிசெய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் நகராட்சியில் பம்பு இயக்குபவராக இருந்தவர். ஆண்டுக்கு ஒன்றாக, கோடையில், பம்பு அறை மொட்டைமாடியில் ஒரே இடத்தில் உட்கார்ந்து அதே ஏரியை வரைந்தார். முதல் படத்தில் தண்ணீர் மேல்படியைத் தொடும். கடைசியில் வெறும் வெடித்த மண். எழுதிச் சொன்னால் யாரும் படிப்பதில்லை, பார்க்கவாவது செய்வார்கள் என்பார்.

2. படம் போட்டால் ஏரி நிரம்பிவிடுமா என்று வாய்க்கு வந்தபடி கத்தியிருக்கிறேன். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு கூடிவிடாதுதான், அதற்காக எடுக்காமல் இருக்கிறார்களா என்று சிரிப்பார். அத்தனையையும் மாட்ட எங்கள் வீட்டில் சுவர் ஏது? கட்டிலுக்கடியில் கிடந்தவற்றைத் தாங்கள் கேட்டதும் நானே கொண்டுவந்து கொடுத்தேன்.

3. அவற்றைக் கடைசியிலிருந்து முதலாக மாட்டியிருக்கிறார்கள். நுழைந்ததும் வறண்ட ஏரி. போகப் போக நீர் ஏறி, முடிவில் தளும்புகிறது. திறப்பு விழாவில் பேசியவர், ஏரியை மீட்ட நகராட்சியின் சாதனை என்று கைதட்டல் வாங்கினார். பின்பக்கம் ஆண்டு எழுதியிருக்கிறதே என்று எழுத்தரிடம் கேட்டேன். பின்பக்கத்தை யாரம்மா பார்க்கிறார்கள், முடிவு நல்லபடியாக இருந்தால்தானே அழகு என்றார். கெட்டவர் இல்லை, உட்கார நாற்காலி கொடுத்தார்.

4. என் கணவர் ஏரித் தண்ணீரிலேதான் வண்ணம் குழைப்பார். கடைசி ஆண்டு அள்ள ஒரு சொட்டு இல்லை. குடிக்கவென்று நான் கொடுத்தனுப்பிய தண்ணீரில் குழைத்து, அந்த வெயிலில் வரைந்து முடித்திருக்கிறார். நான் மேலே போனபோது படம் காய்ந்திருந்தது, பாட்டில் காலி. கூப்பிட்டேன், அவர் எழுந்திருக்கவில்லை. இன்னொரு பாட்டில் கொடுக்காமல் போனேனே என்று இன்றும் நெஞ்சில் அடித்துக்கொள்கிறேன். அந்தப் படத்தை நின்று பார்க்க ஆளில்லை. அடுத்ததில் தண்ணீர் தெரிவதால் எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள்.

5. ஆகவே, வரிசையை மாற்றி மாட்ட உத்தரவிட வேண்டுகிறேன். கோப்பு நகர நாளாகும், தெரியும். நேற்று வெளியேறும் கதவு வழியாக நுழைந்தேன். இது வழியில்லை என்று காவலாளி திருப்பி அனுப்பிவிட்டார். படங்களை மாற்றும்வரை என்னை மட்டுமாவது அந்தக் கதவில் விடச் சொல்லுங்கள். அவர் வரைந்தபடி, அவர் கூடவே ஒருமுறை நடந்துவிடுகிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
(கையொப்பம்)

நாள்: ஜூன் 14
இடம்: ஏரிக்கரைத் தெரு