லயத்துக்கு ஒரு டிக்கெட்

மச்சான்,

போன வாரம் ஹட்டன் அச்சக முதலாளி நானா டிக்கெட் கட்டைக் கையில் கொடுத்தபோது மை சரியாகக் காயவில்லை. பிரித்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. ஆட்ட நாளில் உன் சட்டைப் பையிலிருந்து வருமே, அதே வாடை. "அந்த சேர்ட டிக்கெட் தானே, அவர் சொன்ன மாதிரியே அடிச்சிருக்கேன்" என்றார் நானா. நீ போன பிறகு டிக்கெட் வேலையை ஏற்க யாரும் முன்வராமல் அது என் தலையில் விழுந்தது. அலைகிறவன் நான், ஆனால் டிக்கெட் இன்னும் 'அந்த சேர்' உன்னுடையது. நோர்வூட் வரும்வரை கட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வயிறெரிந்தபடி வந்தேன். செத்துப்போனவன் மேல் பொறாமைப்படுகிறவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

எரியாமல் என்ன செய்யும்? தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்தில், வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் பிறந்தோம். ஒரே கல்லூரியில் படித்தோம், பிறகு அங்கேயே பாடம் நடத்தினோம், நீ வர்த்தகம், நான் விளையாட்டு. உனக்குப் பந்தை உதைக்கத் தெரியாது. ஒருமுறை உதைத்தாய், பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, காலிலிருந்து கழன்ற சப்பாத்து தேயிலைக்குள் போய் விழுந்தது. நானோ பக்கத்து ஊர்க் கல்லூரிக்கு எதிரான வருடாந்த ஆட்டத்தில் கோல் மேல் கோல் போட்டவன். பார்க்கத்தான் நாதியில்லை. என் ஸ்வெட்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கோட்டருகில் நீ நிற்பாய். உனக்குப் பின்னால் பனிமூட்டம், அவ்வளவுதான் கூட்டம்.

நாம் ஆசிரியர்களான பிறகும் மைதானம் அப்படியே கிடந்தது. டிக்கெட்டையே நிறுத்திவிட்டு எல்லாரையும் இலவசமாக விடுவோம் என்று ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து பேசியது நான். கல்லூரி அதிபரும் தலையாட்டினார். ஆட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை ஆளே இல்லாமல் கடலைக்காரர்கூட இடைவேளைக்கு முன்பே கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாய்: "சும்மான்னா யாரு மச்சான் துணி தொவைக்கிறத விட்டுட்டு, சீல மாத்திக்கிட்டு வருவா?" எனக்குக் கோபம் வந்தது. நீ சொன்னது சரி என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது.

அடுத்த வருஷம் உன் யோசனை. ஒரு லயத்துக்கு ஒரு டிக்கெட். எத்தனை பேர் வந்தாலும் அதே விலை, வருகிறவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் எல்லாரும் ஒன்றாக வாசலுக்கு வர வேண்டும். பிந்தி வருகிறவர் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். இதென்ன கூத்து என்று சிரித்தேன். "பக்கத்து வீட்டு ஆளு வராட்டி நம்ம பங்கு கூடிரும்ல. நாம கூப்பிடவே வேணாம், அவங்களே ஆள ஆள் இழுத்துக்கிட்டு வந்துருவாங்க பாரு" என்றாய்.

இழுத்துக்கொண்டுதான் வந்தார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டிலேயே கணக்குத் தொடங்கியதாம், உங்க வீட்ல யாரு வர்றீங்க, யாரு வரல என்று. லயம் லயமாக, பிளாஸ்கில் தேத்தண்ணியோடு, தப்பு அடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கியதை நான் பையன்களுக்கு ஜேர்சி கொடுத்துக்கொண்டே பார்த்தேன். அந்த அணியை மழையிலும் சேற்றிலும் பழக்கியவன் நான். நாங்கள் ஜெயித்தோம். அதிபர் மாலையை உன் கழுத்தில் போட்டார். நீ அதைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்து, "இந்தக் கூட்டம் நீ ஆடுறப்ப வந்திருக்கணும் மச்சான்" என்றாய். புண்ணில் உப்பைத் தேய்க்கிறான் என்று நினைத்தேன். பந்துகளைப் பொறுக்கப் போய்விட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீ இல்லாத முதல் ஆட்டம். மத்தியானம்வரை வாசலில் நின்று டிக்கெட் கிழித்தேன். ஒலிபெருக்கியில் உன்னைப் பற்றி ஆரம்பித்தார்கள். எல்லாம் உன் மூளை என்றார்கள், உன்னால்தான் இந்த மைதானம் நிறைந்தது என்றார்கள். என்னைப் பற்றி ஒரு மூச்சுக்கூட விடவில்லை. வாசலை ஒரு பழைய மாணவனிடம் ஒப்படைத்துவிட்டு, வளைவில் இருக்கும் கடைக்குப் போய் பிளேன்டீ வாங்கினேன். ஆறிய பிறகும் கோப்பையை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். விசில் சத்தம் கேட்டது. ஆட்டம் தொடங்கிவிட்டது.

எழுந்து திரும்பி வந்தால், வாசலில் நம் லயத்து ஆட்கள் எல்லாரும் தூறலில் நிற்கிறார்கள். டிக்கெட் செல்லமக்கா கையில்.

"உள்ள போங்கக்கா, மேட்ச் தொடங்கிருச்சு" என்கிறான் அந்தப் பழைய மாணவன்.

"எங்க லயத்து ஆளு ஒருத்தரு இன்னும் வரல தம்பி. அவரு வந்தாதான் நாங்க போவோம்."

உனக்காக நிற்கிறார்கள் என்றே நினைத்தேன். மண்ணுக்குள் போன பிறகும் ஒரு லயமே உனக்காக நனைகிறதே, எனக்காக யாராவது ஒரு நிமிஷம் நின்றிருப்பார்களா என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் உன்னைத் திட்டினேன்.

அப்போது செல்லமக்கா என்னைப் பார்த்துவிட்டது. "அந்தா வர்றாரு பாரு. எங்க போயிட்டீங்க மாஸ்டர்? எவ்ளோ நேரமா நிக்கிறோம்."

"எனக்கு எதுக்குக்கா டிக்கெட்டு? வாசலே நான்தானே பாக்குறேன். நீங்க போயிருக்கலாமே."

"அது எப்படிப் போறது? நம்ம லயம் முழுசா வர வேணாமா?"

டிக்கெட்டை என்னிடமே நீட்டியது. கிழித்துப் பாதியைக் கொடுத்தேன், எல்லாரோடும் உள்ளே போனேன். முதல் கோலை நாங்கள் யாருமே பார்க்கவில்லை, அதற்கு முன்பே போட்டுவிட்டார்கள்.

மீதிப் பாதி என் சட்டைப் பையில் கிடக்கிறது. இதை எழுதும்போதும் அந்த மை வாடை வருகிறது. எனக்காக ஒரு கூட்டம் மழையில் நின்றது மச்சான், அதற்கும் நீதான் காரணம். அதையாவது எனக்கென்று விட்டுவைத்திருக்கக் கூடாதா நீ?