நீ நீக்கிவிட்ட கடற்கரைப் படம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன், நீயும் மருமகளும் வாண்டுவும் அங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். வெயிலில் கறுத்த தோல் இன்னும் உரிந்துகொண்டிருக்கிறது, மருமகள் பையில் வைத்து அனுப்பிய களிம்பைத்தான் தடவுகிறேன் என்று அவளிடம் சொல். சமையலறைக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்தாகிவிட்டது, மாடிக்குக் குடிவந்தவர்கள் சத்தமில்லாத மனிதர்கள். ஃபோனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நான் வாயைத் திறப்பதற்குள் சரிம்மா, விடும்மா, அப்புறம் பேசலாம்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது பார்.

குடும்பக் குழுவில் வாண்டு போட்ட என் படத்தைக் காணவில்லை. நீதான் நீக்கிவிட்டாய் என்று மருமகள் சொன்னாள். பெரியப்பா கேட்டால் குழந்தைக்காகத்தான் தண்ணீரில் இறங்கினேன் என்று சொல்லச் சொல்லி எனக்குத் தனியாக வேறு செய்தி அனுப்பியிருக்கிறாய். சொல்ல மாட்டேன். நான் எனக்காக இறங்கினேன். அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அம்மா கடையும் வீடுமாகவே அடைந்து கிடக்கிறாளே என்று நீதான் என்னை வரவழைத்தாய், நீதான் அந்த விடுதியில் கடலைப் பார்த்த அறையாகப் பிடித்தாய். இறுக்கிச் செருகிய வெள்ளை விரிப்பும் தள்ளுகிற கண்ணாடிக் கதவுமாக அறை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் அங்கே போயும் என்ன செய்தேன், மணலில் குடைக்கடியில் உட்கார்ந்து உங்கள் பைக்கும் செருப்புக்கும் காவல் காத்தேன், அது உனக்கு உறுத்தவில்லை. மருமகளுக்கு உறுத்தியது. "அத்தை, இந்தப் பையை எவனும் தூக்கிட்டுப் போகமாட்டான், தூக்கினாலும் உள்ள ஈரத் துண்டுதான் இருக்கு, எந்திரிங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விடுதிக் கடையிலேயே எனக்கு நீச்சல் உடுப்பு வாங்கினாள். கை முழுக்க, கால் முழுக்க மூடிய உடுப்பு, பெரியப்பா சொல்வதுபோல அரைகுறை இல்லை. அரைகுறையாக இருந்திருந்தாலும் என் பதில் இதேதான்.

இடுப்பளவு தண்ணீரில் என் முதுகுக்கடியில் கையைக் கொடுத்து மல்லாத்தினாள். பயத்தில் அவள் தோளை நகத்தால் பிராண்டிவிட்டேன், பாவம். "கழுத்தை விடுங்க அத்தை, மேல பாருங்க" என்றாள். விட்டேன். காது இரண்டும் தண்ணீருக்குள் போயிற்று. உனக்குத் தெரியும், உன் அப்பாவுக்குப் பேச்சு போன பிறகு கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டித்தான் என்னைக் கூப்பிடுவார். அவர் போன பிறகும் அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை, தூக்கத்தில் எழுந்து ஓடுவேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. அங்கே, தண்ணீருக்குள், அது நின்றது. மருமகள் எப்போது கையை எடுத்தாள் என்றே தெரியவில்லை, நானாக மிதந்துகொண்டிருந்தேன். அது தெரிந்ததும் தடுமாறி உப்புத் தண்ணீரைக் குடித்து எழுந்து நின்று சிரித்தேன் பார், அதைத்தான் வாண்டு படம் எடுத்தாள். நீ அம்மா ஆழம் ஆழம் என்று கத்திக்கொண்டு கால்சட்டை நனைய ஓடி வந்தாய். ஆழம் உன் இடுப்பைக்கூடத் தாண்டவில்லை.

அப்பாவை நினைக்கவே இல்லையா என்று ஃபோனில் கேட்டாய். அன்று சாயங்காலமே குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஆசை தீர அழுதேன், அதை யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் குழுவில் எல்லோரும் கும்பிடுகிற பொம்மை போட்டிருப்பார்கள், நீயும் அதை நீக்கியிருக்க மாட்டாய்.

பெரியப்பா நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டார். நான் ஒருவருடைய மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன், வந்த ஆள் முன்னால் "என் தம்பி போன ஈரம்கூடக் காயல, அதுக்குள்ள உனக்குக் கடல்ல கும்மாளம் கேக்குதா?" என்றார். நான் கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். "உங்க தம்பியைப் புரட்டிப் படுக்கவெச்சுத் துணி மாத்தினவங்க யாராச்சும் வந்து கேட்டா பதில் சொல்றேன். நீங்க கண்ணாடி வாங்க வந்தீங்களா?" என்றேன். முதலாளி இழுப்பறைக்குள் தலையை விட்டு எதையோ தேடினார். மூக்குக்கண்ணாடிக்காரர் அதைப் போட்டுக்கொண்டு, இப்ப எல்லாம் நல்லாத் தெரியுதும்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

சின்ன வயதில் பெரியப்பா செருப்புச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வாய். இப்போது கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டும் ஒளிகிறாய். ஒளிந்துகொள்ளடா, அது உன் பாடு, என்னையும் உள்ளே இழுக்காதே. இன்னொன்றும் கேட்டுக்கொள், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற நீச்சல் குளத்தில் காலையில் பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், சேர்ந்துவிட்டேன். சொல்லிக்கொடுக்கிற பெண் என்னைப் பலகையைப் பிடித்துக் காலை உதைக்க வைத்து உயிரை எடுக்கிறாள். கடைக்கு நேராக அங்கிருந்தே போகிறேன், தலை காய்வதற்குள் முதல் ஆள் வந்துவிடுகிறார்.

போன வாரம் பெரியம்மா கடைக்கு வந்தாள், கண்ணாடித் திருகாணி ஆடுகிறது என்றாள். ஆடவில்லை. ஆடுகிறதாகவே நானும் முடுக்கினேன். முதலாளி அந்தப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தி, "அந்த உடுப்பு என் அளவுக்குக் கிடைக்குமாடி?" என்று கேட்டாள். மறுநாளே ஒன்று வாங்கிக்கொடுத்துக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தாள், அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே முங்கு. வீட்டில் என்ன சொல்லப் போகிறாய் அக்கா, கண் டாக்டரிடம் போனதாகச் சொல்கிறாயா என்றேன். தலையை அழுத்தித் துவட்டினாள். வீட்டில் கதவைத் திறந்த பெரியப்பா எங்கே போயிருந்தாய் என்று கேட்டாராம். "நீஞ்ச" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு ஈரத் துணியைக் கொடியில் போடப் போய்விட்டாளாம். அவர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டவர்தான், சாப்பிடக் கூப்பிடும்வரை இறக்கவில்லையாம்.

ஆகையால் அந்தப் படத்தைத் திரும்பப் போடு. மருமகள் எனக்கும் ஒன்று அனுப்பி வைத்திருக்கிறாள், நீ போடாவிட்டால் நானே போடுவேன், எப்படிப் போடுவது என்று வாண்டு சொல்லிக்கொடுத்துவிட்டாள். மூவரும் நோய்நொடி இல்லாமல், சண்டை வந்தாலும் அன்றைக்கே தீர்த்துக்கொண்டு, நிறைந்து வாழுங்கள். வாண்டு தண்ணீரில் ஆடிவிட்டு வந்தால் காதைத் துவட்ட மறக்காதே. நீயும் ஒரு நாள் கரையில் ஃபோனை வைத்துவிட்டு உள்ளே இறங்கு, பையை நான் பார்த்துக்கொள்ள மாட்டேன்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா