பிளீச்சிங் பவுடருக்கு ஓர் எச்சரிக்கைச் சொல்

குட்டுவதற்கு ஆள் இல்லாமல் தலை சும்மா கிடக்கிற தம்பி, தன் ஜெசிந்தா அக்காவுக்கு எழுதுவது.

நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. போன்தான். அதிலும் நீ பேசுவாய், நான் ‘ம்’ கொட்டுவேன். இந்தத் தடவை நான் பேசுகிறேன். நீ குறுக்கே விழுந்து பேச்சை மாற்ற முடியாது என்பதில் ஒரு வசதி இருக்கத்தான் செய்கிறது.

முதலில் ஊர்ச் செய்தி. இப்போதெல்லாம் வெளியூர் வண்டி நம் மலைமேல் வர இ-பாஸ் எடுக்க வேண்டும். அத்தானுக்கு வண்டி ஓட்டுவது போக, வருகிறவர்களுக்கெல்லாம் போனில் பாஸ் எடுத்துக் கொடுக்கிற சோலியும் சேர்ந்துவிட்டது. உன் மகள் ரீனா திண்டுக்கல்லில் நர்சிங் படிக்கிறாள், உன்னை மாதிரியே வாயாடி. பூண்டியில் அப்பாவின் பூண்டு வயலைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். நான் சென்னையை விட்டுவிட்டு நாயுடுபுரத்தில் ஒரு மாடி வீடு எடுத்து, லேப்டாப்பில் அதே வேலையைப் பார்க்கிறேன். பகலெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். விரல் விறைத்துப்போகிறது. இருக்கட்டும்.

“ஏலே அருள், நீ என்ன வேலைதான்லே பாக்குற? ஊர்ல கேக்குறாங்க, எனக்குச் சொல்லத் தெரியல” என்று நீ கேட்டது நினைவிருக்கிறதா? தொழிற்சாலையில் செய்கிற ரசாயனம் ஒவ்வொன்றும் தீப்பிடிக்குமா, வெடிக்குமா, தோலை அரிக்குமா, கண்ணைக் கெடுக்குமா, மூச்சில் போனால் என்ன செய்யும் என்று சோதனைக்கூடம் அறிக்கை கொடுக்கும். நான் அதைப் படித்து, விதிமுறையோடு ஒப்பிட்டு, அந்தப் பொருளை எந்த வகையில் சேர்ப்பது என்று முடிவு செய்வேன். அதை வைத்துத்தான் டப்பாவின் மேல் போடும் படமும் வாசகமும் வரும். ஒன்றாம் வகை ஆக மோசம். எண் ஏற ஏற ஆபத்து குறையும்.

அவ்வளவுதான் சொன்னேன். நீ போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாய். “மொத ராங்க் வாங்குறவன்தான் உருப்படாதவனா? அப்ப எங்க கிளாஸ்ல என்னைய மாதிரி நல்ல பிள்ளையே கெடையாதுலே!”

அன்றிலிருந்து நீ வேலை பார்த்த வட்டக்கானல் விருந்தினர் இல்லத்துக்கு வருகிறவர்களையெல்லாம் நீ வகை பிரிக்க ஆரம்பித்தாய். நாலாம் வகை, டீ கேட்பான், குடிப்பான், போய்விடுவான். மூன்றாம் வகை, ஈரத் துண்டை மெத்தையில் போடுவான். இரண்டாம் வகை, மெத்தையிலேயே பிரியாணி. “மொத ராங்க் யாருக்கா?” என்று கேட்டால், “அது கெளம்பிப் போனப்புறம் பாத்ரூமத் தொறந்தாத்தான் தெரியும்” என்பாய். அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கெல்லாம் நீதான் சூப்பர்வைசர். ஆனாலும் முதல் ராங்க் பாத்ரூமுக்குள் யாரையும் விடமாட்டாய், நீயேதான் போவாய். அந்தப் பழக்கத்தை யார் உனக்குக் கற்றுக் கொடுத்தார்கள்?

அந்தச் சனிக்கிழமையை உனக்கே சொல்வது வேடிக்கைதான். இருந்தாலும் எனக்கு வரிசையாகச் சொல்லிப் பார்க்க வேண்டும், என் தொழில் அப்படி. நம் மலையில் பாத்ரூமுக்கு இரண்டு கறை. ஊற்றுத் தண்ணீர் பழைய குழாயில் வருவதால் துருக்கறை, ஈரத்தால் பாசி. துருவுக்கு ஆசிட், பாசிக்கு பிளீச்சிங் பவுடர். மத்தியானம் மேகம் இறங்குவதற்கு முன் ஜன்னலையெல்லாம் சாத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் படுக்கை நனைந்து நாறும் என்பது உங்கள் இல்லத்து விதி. நீ ஜன்னலைச் சாத்தினாய். ஆசிட் ஊற்றித் தேய்த்தாய். அறைக்கு ஆள் வரும் நேரம் ஆகிவிட்டது என்று, கழுவிவிடாமலே அதன்மேல் பிளீச்சிங்கைத் தூவினாய்.

ஆசிட் தனியாக இருக்கும்போது அதன் ஆபத்து வேறு. பிளீச்சிங் தனியாக இருக்கும்போது வேறு. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, தரையோரமாகவே தங்கும். குனிந்து தேய்க்கிறவளின் முகம் அங்கேதான் இருக்கும்.

நீ இருமிக்கொண்டே வெளியே வந்து படியில் உட்கார்ந்ததையும், டீ குடித்ததையும், “ஒண்ணுமில்ல, நெஞ்சு லேசா காந்துது, வெரசா முடிச்சுட்டு வந்துர்றேன்” என்று திரும்ப உள்ளே போனதையும் உன்னோடு வேலை பார்த்த பாண்டியம்மா அக்கா பிறகு சொன்னார். இந்த வாயு அப்படித்தான். முதலில் விட்டுவிட்ட மாதிரி இருக்கும், சாயங்காலம் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அத்தான் உன்னை வண்டியில் மலையிறக்கிக் கொண்டுபோனார். மறுநாள் நீ இல்லை. நான் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது உன் கையில் பிளீச்சிங் வாடை இன்னும் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் என் மேஜைக்கு ஒரு புதுப் பொருளின் கோப்பு வந்தது. பிளீச்சிங் பவுடர்தான், சற்று வீரியமானது. தொழிற்சாலைக்கு மூட்டையிலும் வீட்டு உபயோகத்துக்குச் சின்ன பாக்கெட்டிலும் வரப்போவது. நான் வழக்கம்போல உட்கார்ந்து வகை பிரித்தேன். பக்கத்தில் உள்ளதைக் கொழுந்துவிட்டு எரிய வைக்கும், இரண்டாம் வகை. தோலை அரிக்கும். கண்ணைக் கெடுக்கும், முதல் வகை. விழுங்கினால் தீங்கு, நாலாம் வகை. நீரில் வாழ்வனவற்றுக்குக் கொடிய நஞ்சு. அதற்கு ஒரு படம் உண்டே, பட்ட மரமும் செத்த மீனும். போனில் காட்டியபோது, “இது என்னலே, நம்ம ஏரிக்கரையப் படம் புடிச்சுப் போட்டுருக்கான்?” என்றாயே, அதேதான்.

எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். ‘ஆசிடுடன் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும்.’

வேறு சில நாடுகளில் அந்த வரியைக் கட்டாயம் போட வேண்டும். நாங்கள் வேலை செய்த விதிப்படி அது கட்டாயமில்லை. பொருளைச் செய்கிற கம்பெனிக்காரர் போனில் அழகாகத்தான் பேசினார். “சார், கேட்டதுக்கு மேல எதுக்கு எழுதுறீங்க? பாக்கெட்டுல விஷவாயுன்னு போட்டா வீட்டுப் பொம்பளைங்க யாரு சார் வாங்குவாங்க?” விதி அவர் பக்கம் இருந்தது. இத்தனை வருஷத்தில் விதி கேட்டதற்கு மேல் நானும் ஒரு சொல் எழுதியதில்லை. அதுதான் இந்த வேலையில் என் பெருமை. ஆனாலும் அந்த வரியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

கோப்பு நின்றது. என் மேலதிகாரி கூப்பிட்டார். கெட்டிக்கார அம்மாள், சுற்றி வளைக்கமாட்டார்.

“அருள், இது உங்க அக்கா விஷயமா?”

“ஆமா மேடம்.”

“அப்ப இந்தக் கோப்ப நீங்க பாக்கறதே சரியில்லையே.”

“எங்கக்கா இதனாலதான் செத்தாங்க மேடம். அந்த வரி பொய்னா சொல்லுங்க, நானே எடுத்துடறேன். உண்மைன்னா எடுக்கமாட்டேன். வேணும்னா வேற ஆள்கிட்டக் குடுத்துடுங்க. நானும் வேற வேலை தேடிக்கிறேன்.”

ரீனாவின் படிப்புச் செலவில் பாதி என்னுடையது. வேலை போனால் என்ன செய்வேன் என்று நான் யோசித்திருக்கவே இல்லை. மேடம், “நான் பேசிப் பாக்குறேன்” என்றார். எப்படிப் பேசினாரோ, கம்பெனிக்காரர் சில வாரம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

போன மாதம் அந்தப் பாக்கெட் மூஞ்சிக்கல் கடைக்கு வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், சின்ன எழுத்தில், தமிழில், என் வரி இருந்தது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், பிளீச்சிங் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்குகிறவனை அவர் எங்கே பார்த்திருக்கப்போகிறார்?

ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு நேராக வட்டக்கானல் போனேன். பாண்டியம்மா அக்கா இப்போது உன் இடத்தில் சூப்பர்வைசர். “வாங்க தம்பி, அக்காவப் பாத்த மாதிரி இருக்கு” என்று பையை வாங்கினார். நான் பெருமையாக ஒரு பாக்கெட்டைத் திருப்பிக் காட்டப் போனேன். அதற்குள் இன்னொரு பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் கொட்டி, கவரைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார். அப்புறம் அடுத்தது. அதற்கப்புறம் அடுத்தது.

“ஏன்க்கா டின்ல கொட்டுறீங்க?”

“பின்ன? கவர்லயே வச்சா ரெண்டே நாள்ல கட்டி பிடிச்சுப்போவும். மேகம் உள்ள வந்து குடியிருக்குற ஊருல்ல இது! எந்த ரூம்லயும் பிளீச்சிங் டின்லதான் கெடக்கு.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவர்மேல் இல்லை, என்மேல்தான். படமும் வகையும் வரியுமாக நான் இத்தனை காலம் எழுதியதெல்லாம் இந்த மலைக்கு வந்த அன்றே குப்பைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்தும் எனக்கு இது தோன்றவில்லை பார். டின்மேல் ஒரு சீட்டு ஒட்டலாமா என்றேன். “ஒட்டுங்க, நாளைக்கு வெள்ளனே வந்து பாருங்க, உரிஞ்சு கீழ கெடக்கும்” என்றார். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். நீ உட்கார்ந்து டீ குடித்த அதே படி.

அப்போதுதான் அது நடந்தது. புதிதாக வேலைக்கு வந்திருக்கிற கவிதா என்ற பெண், கன்னிவாடியிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள், ஒரு கையில் பிளீச்சிங் டின்னும் மறு கையில் ஆசிட் பாட்டிலுமாகப் பாத்ரூமுக்குள் நுழைந்தாள். பாண்டியம்மா அக்கா பார்த்துவிட்டு உரக்கக் கத்தினார்.

“ஏ கவிதா! ஜெசிந்தா! ஜெசிந்தா!”

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன் அக்கா. சத்தியமாக, நீ வருகிறாய் என்றுதான் பார்த்தேன்.

கவிதா நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆசிட் பாட்டிலை மதில்மேல் வைத்தாள். உள்ளே போய் ஜன்னலை விரியத் திறந்து கொக்கியை மாட்டினாள்.

“ஜெசிந்தான்னா யாரும்மா?” என்று அவளைக் கேட்டேன்.

“யாரா? ஆசிடும் பிளீச்சிங்கும் சேந்தா வருமேங்க, அந்தப் பொகைங்க. எங்க ஊர்ல இந்தப் பேரக் கேள்விப்பட்டதில்ல. இங்க எல்லா வீட்லயும் அப்பிடித்தான் சொல்றாங்க.”

என் அக்காவின் பெயரை ஒரு விஷப் புகைக்கு வைத்திருக்கிறார்கள்! எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பாண்டியம்மா அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“கோவிச்சுக்கிடாதீங்க தம்பி. அவ செத்த வாரத்துலருந்தே நாங்க இப்பிடித்தான் கத்துறோம். வெசவாயுன்னு சொன்னா எவளும் திரும்பிக்கூடப் பாக்கமாட்டா. அவ பேரச் சொன்னா எங்களுக்குக் கை தன்னால நின்னுரும். பக்கத்து கெஸ்ட் அவுஸ்லயும் புடிச்சுக்கிட்டாங்க. அவளுக்கப்புறம் இங்க ஒருத்திக்கும் எதுவும் ஆகல.” பிறகு கவிதாவைப் பார்த்தபடி, “புதுசா வந்தவளுக்கு அவ யாருன்னு சொல்லிருக்கணும். சோலில விட்டுப்போச்சு” என்றார்.

அங்கேயே கவிதாவை உட்கார வைத்து இருவருமாகச் சொன்னோம். மெத்தையில் பிரியாணி இரண்டாம் வகை என்றதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அவங்க எந்த ரூம்லங்க…?” என்றாள். “இதே ரூம்தான்” என்றார் பாண்டியம்மா அக்கா. அவள் எழுந்து போய், ஜன்னல் கொக்கியை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

என் தொழிலில் டப்பாவின் மேல் போட இரண்டே சொற்கள்தான் அக்கா. கொடியதற்கு ‘அபாயம்’, அதற்குக் குறைந்ததற்கு ‘எச்சரிக்கை’. எந்தக் கூட்டம் கூடினாலும் மூன்றாவதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள். வட்டக்கானலில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. ஈரத்தில் உரிவதில்லை, டின்னில் கொட்டினாலும் போவதில்லை. அதைக் கேட்டால் கை தானாக நிற்கிறது.

உன் பெயர் அப்படிப் புழங்குவது எனக்கு இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் நிறுத்தச் சொல்லமாட்டேன். இனி பிளீச்சிங் கோப்பு எது வந்தாலும் அந்த வரி இருக்கும், வேலை இருந்தாலும் போனாலும். ஒவ்வொரு சீசனுக்கு முன்னாலும் வட்டக்கானல் போய், புதிதாக வந்திருப்பவர்களை அந்தப் படியில் உட்கார வைத்து, ஜெசிந்தா என்பது புகை இல்லை, கடைசி ராங்க் வாங்கிய ஒரு நல்ல பிள்ளை என்று சொல்வேன். இது உனக்கு என் வாக்கு.

மேகம் இறங்குகிறது. காகிதம் நமத்துப்போவதற்குள் முடிக்கிறேன்.

ஜன்னலைச் சாத்தாத உன் தம்பி,
அருள்